பரணில் கிடைத்த பழைய உலோகச் சாமான் என்னவாக இருக்கும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீட்டைப் பிரிக்கும்போதும், பரணை ஒழிக்கும்போதும், கிணறு தூர் வாரும்போதும் "இது எதுக்கு?" என்று யாருக்கும் சொல்லத் தெரியாத இரும்போ பித்தளையோ ஒன்று கைக்கு வரும். அநேகமாக அது புதையலும் இல்லை, மர்மமும் இல்லை. வழக்கொழிந்த ஒரு வேலைக்கான கருவியாக இருக்கும். எந்த வேலை என்பதை அதன் தேய்மானமே சொல்லிவிடும், புளி போட்டுத் தேய்த்து அந்தத் தடயத்தை அழிக்காமல் இருந்தால்.

பொருள் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வது?

குண்டு, தோட்டா, ஒரு பக்கம் அடைத்த தடித்த குழாய் ஆகியவற்றில் எது போல இருந்தாலும் தொடாமல் விட்டுவிட்டு, கீழே உள்ள வெடிபொருள் கேள்விக்குப் போங்கள்.

மற்றவற்றுக்குத் தண்ணீரே வேண்டாம். உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் ஒட்டடையைத் தட்டிவிட்டு எல்லாப் பக்கமும், முக்கியமாக அடிப்பக்கமும் உட்புறமும், படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோல் இருக்கட்டும். நீளம், வாய் அகலம், தகட்டின் தடிமன், எடை நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே கிடைத்தது, கூட என்ன கிடந்தது என்பதை அன்றைக்கே எழுதிவிடுங்கள். சமையலறைப் பரண், மாட்டுக் கொட்டகை, பூஜை அறை, கிணற்றடி என்று இடம் தெரிந்தாலே பாதி விடை வந்துவிடும். ஒரே சாக்கில் இருந்தவற்றைப் பிரிக்கக் கூடாது. மூன்று துளை உள்ள பித்தளைத் தட்டைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அதே சாக்கில் நடுவில் முள் உள்ள இரும்புத் தண்டும் இருந்தால் அது தராசு என்று தெரிந்துவிடும்.

கழுவித் தேய்த்தால் என்ன கெட்டுவிடும்?

உள்ளே ஒட்டியிருப்பது பெரிய சாட்சி. கையடக்க மூடி போட்ட டப்பியின் உள்விளிம்பில் வெள்ளையாகப் பாறை போல இறுகியிருந்தால் சுண்ணாம்பு, ஆகவே அது வெற்றிலைப் பெட்டியோடு போன சுண்ணாம்புக் கரண்டகம். விரலால் தட்டியதும் தூளாக உதிர்ந்தால் திருநீறு. கறுத்த பிசின் போல எண்ணெய் உறைந்திருந்தால் விளக்கு அல்லது எண்ணெய்த் தூக்கு. இதையெல்லாம் கழுவி ஊற்றியபிறகு மிஞ்சுவது ஒரு பித்தளை டப்பிதான்.

இன்னொன்று பொறிப்பு. பாத்திரங்களில் பெயரைச் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருப்பார்கள். ஆழம் மிகக் குறைவு. பாலிஷ் சக்கரத்தில் ஒரு தடவை கொடுத்தாலே எழுத்து கரைந்துவிடும்.

செம்பு, வெண்கலத்தின் மேல் கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் கரும்பச்சைப் படலம் உலோகத்தைக் காக்கிறது. அதை எடுக்கவே கூடாது. வெளிறிய பச்சையில் மாவு மாவாக உதிர்வது வேறு. அது குளோரைடு உப்பு உள்ளே புகுந்து தின்னும் நோய். சந்தேகம் இருந்தால் மென்பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, ஈரத்துணி வைத்த டப்பாவில் துணியில் படாமல் 2 நாள் மூடி வையுங்கள். மாவு மறுபடி பூத்தால் நோய் உயிரோடிருக்கிறது. நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். புளியும் எலுமிச்சையும் இதற்கு மருந்தல்ல.

என்ன உலோகம் என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காந்தம். ஃபிரிட்ஜ் காந்தம் போதாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தையோ சிறு நியோடிமியம் காந்தத்தையோ நூலில் கட்டித் தொங்கவிட்டு அருகே கொண்டுபோங்கள். பாய்ந்து ஒட்டினால் இரும்பு. பித்தளை நிறத்தில் இருந்தும் ஒட்டினால், இரும்புக்கு முலாம் பூசிய அண்மைக்கால அலங்காரச் சாமான். லேசாக மட்டும் இழுத்தால் ஏமாற வேண்டாம். பழைய பித்தளை உருக்கி உருக்கி வார்த்தது, அதில் கொஞ்சம் இரும்பு கலந்திருக்கலாம்.

அடுத்தது அடர்த்தி. 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். பொருளை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு பொருள் முழுதும் முங்கும் அளவு தண்ணீர் உள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யம் செய்யுங்கள். பொருளை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் பொருளின் கன அளவு, கன சென்டிமீட்டரில். உலர் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 642 கிராம் எடையுள்ள கைப்பிடி தண்ணீரில் 75 காட்டினால், 8.56. அது பித்தளை.

ஒப்பிட வேண்டிய எண்கள்: அலுமினியம் 2.7, துத்தநாகம் 7.1, வார்ப்பிரும்பு சுமார் 7.2, வெள்ளீயம் 7.3, எஃகு 7.8, பித்தளை 8.4 முதல் 8.7, வெண்கலம் 8.6 முதல் 8.9, செம்பு 8.96, வெள்ளி 10.5, காரீயம் 11.3, தங்கம் 19.3.

கணக்கு தப்புவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மடிப்புகளில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைந்து காட்டும், தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி விலகும். பொருள் மிகச் சிறியதாக இருந்தாலும் தப்பும். தண்ணீரில் 5 கிராம்தான் காட்டுகிறது என்றால் 1 கிராம் பிழையே 20 சதவீதம். அப்போது நகைக்கடைத் தராசுதான் வழி. மூன்றாவது, உள்ளே அரக்கோ மண்ணோ அடைத்திருப்பது. பழைய வெள்ளிப் பன்னீர்ச்செம்பின் அடிப்பாகம், கத்திப்பிடி போன்றவற்றில் இது சகஜம். அந்த மாதிரிச் சாமானில் கிடைக்கும் எண் உலோகத்துடையது அல்ல.

"ஜெர்மன் சில்வர்" என்பதில் வெள்ளி அணுவளவும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. 8.5 பக்கம் நிற்கும், 10.5-ஐத் தொடாது. ஸ்பூன், டிரேயின் பின்னால் ஈ.பி.என்.எஸ். என்று ஆங்கில எழுத்து நான்கு இருந்தால் இதன்மேல் வெள்ளி முலாம் என்று பொருள்.

பித்தளையா, வெண்கலமா?

இரண்டின் அடர்த்தியும் ஒட்டி ஒட்டி வருவதால் தராசு இங்கே கைவிட்டுவிடும். பொருளைக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுங்கள். வெண்கலம் நீளமாக ரீங்கரிக்கும், பித்தளை சட்டென்று அடங்கும். வெண்கலத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதுவும் 'டப்' என்றுதான் கேட்கும். ஆகவே ஒலி மட்டும் போதாது. அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில் நுண் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் பித்தளை எலுமிச்சை மஞ்சளாகவும், வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்த மணி வெண்கலம் வெளிறிய மஞ்சளாகவும், வெள்ளீயம் குறைந்த வெண்கலம் சற்றே சிவந்தும் தெரியும். அடிபட்ட இடத்தையும் பாருங்கள். பித்தளை நசுங்கும். மணி வெண்கலம் நசுங்காது, தெறித்து உடையும். பாட்டி வீட்டு வெண்கலப் பானையைக் கீழே போடாதே என்று கத்தியதற்கு இதுதான் காரணம். சிலை போன்றவற்றில் அரம் வைக்கவே வைக்காதீர்கள்.

உலோகம் தெரிந்துவிட்டது. எதற்குப் பயன்பட்டது என்று எப்படிப் படிப்பது?

கை பட்ட இடம், வேலை பட்ட இடம், கட்டிய இடம் என்று மூன்றைத் தேடுங்கள்.

கை பட்ட இடம் பளபளவென்று உருண்டிருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும். அங்கே நீங்களும் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும் பள்ளம் இருந்தால் பிடித்தது சரி. வேலை பட்ட இடத்தில் கோடுகள் ஒரே திசையில் ஓடும். வெட்டிய கருவியில் வெட்டுமுனைக்குக் குறுக்கே சாணைக்கோடு இருக்கும், சுழன்ற கருவியில் வட்டமாக இருக்கும். கட்டிய இடத்தில், அதாவது கயிறோ சங்கிலியோ ஓடிய துளையில், பாரம் இழுத்த பக்கம் மட்டும் துளை நீண்டு முட்டையாகியிருக்கும். பொருள் எந்தப் பக்கம் மேலாகத் தொங்கியது என்பதை அந்த ஒரு துளையே காட்டிவிடும். தேய்மானமே இல்லையென்றால் ஒன்று அது பயன்படாத உதிரிப் பாகம், இல்லை சுவரில் மாட்ட வாங்கியது.

ஒரு வளையத்தில் ஏழெட்டுக் கொக்கி தொங்குகிறது. ஆயுதமா?

இல்லை. பாதாளக் கரண்டி. சில ஊரில் பாதாளச் சங்கிலி என்பார்கள். கிணற்றில் கயிறு அறுந்து விழுந்த வாளி, குடத்தை எடுக்கும் சாமான். கயிற்றில் கட்டி இறக்கி, தரை தட்டியதும் மெல்ல இழுத்துச் சுழற்றினால் ஏதாவது ஒரு கொக்கி வாளிப் பிடியில் மாட்டும். கொக்கிமுனை கூராக இருக்காது, மழுங்கலாக உள்நோக்கி வளைந்திருக்கும். மீன் தூண்டிலிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதுதான். தெருவுக்கு ஒன்றுதான் இருக்கும். இரவல் போனால் திரும்பி வராது என்று சில இடங்களில் ஈடாக ஒரு செம்பை வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். ஆகவே இது கிடைத்த வீட்டில் நல்ல கிணறு இருந்திருக்கும்.

சிறு வளையத்தில் குட்டிக் குட்டியாக மூன்று நான்கு கம்பிகள் கோத்திருக்கின்றன?

நுனியில் கடுகளவு கிண்ணம் இருப்பது காதுக் குரும்பி எடுக்க. இரண்டு அலகு கவ்வுவது முள்வாங்கி. கூர்நுனி பல் குத்த. இடுப்பு அரைஞாணில் அல்லது சாவிக்கொத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். வெள்ளியில், செம்பில், இரும்பில் எல்லாம் கிடைக்கும்.

பேனாக் கத்தி போல மடங்குகிறது, ஆனால் ஒரு பக்கம் ஊசி?

மடக்கெழுத்தாணி. கத்திப் பக்கம் பனை ஓலையை நறுக்க, ஊசிப் பக்கம் எழுத. ஊசி முனை தைக்கும் ஊசியைப் போலக் கூராக இருக்காது. அது ஓலையைக் கிழிக்காமல் கீறவேண்டும். தலையில் குண்டு உள்ளது குண்டெழுத்தாணி. மடங்காமல் மேல்முனையில் கத்தி உள்ளது வாரெழுத்தாணி. கோணி ஊசியை எழுத்தாணி என்று விற்பவர்கள் உண்டு. கோணி ஊசிக்கு நூல் கோக்கும் காது இருக்கும், எழுத்தாணிக்கு இருக்காது. எழுத்தாணி கிடைத்த பரணில் ஓலைச்சுவடியும் இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். விலைமதிப்பு அதில்தான்.

பிறை வடிவ இரும்புத் தகடு, துளைகளோடு. குதிரை லாடமா?

குதிரைக்குக் குளம்பு ஒன்று, லாடமும் ஒரே துண்டாக வளைந்திருக்கும். மாட்டுக்குக் குளம்பு பிளந்தது, ஆகவே காலுக்கு இரண்டு துண்டு, ஒரு மாட்டுக்கு எட்டு. மெலிந்த பிறைத் தகடு தனியாகக் கிடைத்தால் அது மாட்டு லாடம். அதே கொட்டகையில் கிடைக்கும் கூம்பான பித்தளைக் குப்பி மாட்டின் கொம்புநுனியில் மாட்டியது, சோடியாக இருக்கும். ஒரு பக்கம் தலை தடித்த கனமான இரும்பு முளை, சக்கரம் கழலாமல் அச்சில் செருகிய கடையாணி.

இரண்டு பக்கமும் திறந்த இரும்பு வளையம், உள்ளே மரச் சிராய் ஒட்டியிருந்தால் உலக்கைப் பூண்.

கனமான இரும்புக் கட்டி, அடியில் ஈயம் ஊற்றிய குழி. எடைக்கல்தானே?

ஆம். அந்த ஈயக் குழியில்தான் எடை ஆய்வாளர் முத்திரை குத்துவார். அதைத் தோண்டி எடுக்காதீர்கள். எடையும் போகும், ஆண்டும் போகும். இந்தியாவில் மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக 1962-க்குள் முழுதாக வந்தன. கிலோ, கிராம் பொறித்தது அதற்குப் பிந்தியது. அறுகோண வடிவக் கல்லும் அந்த வரிசைதான்.

எழுத்து அழிந்திருந்தால் எடை போட்டு வகுத்துப் பாருங்கள். 11.66 கிராமால் முழு எண் வந்தால் தோலா கணக்கு. சென்னை மாகாண வழக்கில் 3 தோலா ஒரு பலம் (சுமார் 35 கிராம்), 24 தோலா ஒரு சேர் (சுமார் 280 கிராம்), 5 சேர் ஒரு வீசை (சுமார் 1.4 கிலோ), 8 வீசை ஒரு மணங்கு. 80 தோலாவுக்கு, அதாவது 933 கிராமுக்கு அருகில் நின்றால் அது வடக்கத்திச் சேர். 453.6-ஆல் வகுபட்டால் இராத்தல். இலங்கையிலிருந்து வந்த குடும்பமானால் இதை முதலில் பாருங்கள். துரு தின்றதால் எடை சற்றுக் குறைவாகத்தான் வரும். கூடுதலாக வந்தால் அது எடைக்கல்லே அல்ல, அல்லது யாரோ துளையில் ஏதோ அடைத்திருக்கிறார்கள்.

உருளையான அளவைப் பாத்திரத்துக்குத் தண்ணீர் நிரப்பி எடை போட்டால் கிராம்தான் மில்லிலிட்டர். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. ஆகவே ஒரே பாத்திரத்தை வைத்து மல்லுக்கட்டாமல், அதே வீட்டில் கிடைத்த மற்றதோடு ஒப்பிட்டு, ஒன்று இன்னொன்றின் சரிபாதியா என்று பாருங்கள். சரிபாதியாக இருந்தால் இரண்டும் ஒரே வரிசை.

இயந்திரப் பாகம் போல் இருக்கிறது. எந்த இயந்திரம்?

போல்ட், ஸ்க்ரூவில் ஓடும் மரையை அளந்து பாருங்கள். அரை அங்குல போல்ட்டில் ஓர் அங்குல நீளத்துக்கு 12 புரி இருந்தால் பிரிட்டிஷ் விட்வொர்த் மரை, 13 இருந்தால் அமெரிக்கன். 12 மி.மீ. போல்ட்டில் புரிக்கு இடையே 1.75 மி.மீ. என்றால் மெட்ரிக். தலையில் கூட்டல் குறி (+) போலக் காடி உள்ள ஸ்க்ரூ 1930-களுக்கு முந்தியது அல்ல. ஆனால் பழுது பார்க்கும்போது பின்னால் போட்டிருக்கலாம், ஒரு ஸ்க்ரூவை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது. கையால் வெட்டிய மரை தன் ஜோடியைத் தவிர எதிலும் ஏறாது, புரிகள் சமமாகவும் இருக்காது.

தோட்டா என்று பலர் பயந்து காட்டும் படகு வடிவ எஃகுத் துண்டு, பழைய தையல் மெஷினின் ஷட்டில். ஒரு பக்கம் நீளவாக்கில் திறந்திருக்கும், உள்ளே மெலிந்த பாபின் போகும். கோணல் மாணலாகப் பற்களும் தகடுகளும் சேர்ந்த சிறு சாமான்கள் சுருக்கம் தைக்க, ஓரம் மடிக்க உதவிய இணைப்புப் பாதங்கள். சிங்கர் மெஷினில் வரிசை எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்து இல்லாமல் வெறும் எண்ணாக இருந்தால் அது 1900-க்கு முந்தியது.

எழுத்து, முத்திரையை வைத்து வயது சொல்ல முடியுமா?

நாடு பெயர் உதவும். "வெஸ்ட் ஜெர்மனி" என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். "ஆக்குபைட் ஜப்பான்" என்றால் 1945 முதல் 1952 வரை. தமிழ்ப் பொறிப்பில் ணை, லை, ளை, னை எழுத்துகள் பழைய தும்பிக்கைக் கொம்போடு இருக்கின்றனவா பாருங்கள். எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்றது 1978-ல். அதன்பின்னும் பெயர் வெட்டுபவர்கள் பழக்கத்தில் பழையபடியே வெட்டினார்கள் என்பதால், புது எழுத்து இருந்தால் மட்டுமே உறுதியாக 1978-ஐ ஒட்டியோ பிந்தியோ என்று சொல்லலாம். அலுமினியச் சாமான் என்றால் வயதுக்கு மேல்வரம்பு தானாகக் கிடைக்கிறது. பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திர வேலையைத் தொடங்கியது 1898-ல். எவர்சில்வரின் கண்டுபிடிப்பே 1910-களில்தான்.

"உபயம்" என்று பொறித்திருந்தால் நின்று யோசியுங்கள். அது கோயிலுக்கோ மடத்துக்கோ சத்திரத்துக்கோ யாரோ கொடுத்த பொருள். உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று தெரியாமல் விற்கப் போனால் சிக்கல்.

குண்டு போல, ஷெல் போல இருக்கிறது. என்ன செய்ய?

நகர்த்தாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், போன் எடுத்துப் பக்கத்தில் போய்ப் படம் பிடிக்காதீர்கள். வீட்டாரை வெளியேற்றிவிட்டு இந்தியாவில் 112, இலங்கையில் 119. வடக்கு, கிழக்கு இலங்கையில் போர் எச்சங்கள் இன்னும் மண்ணில் இருக்கின்றன. அங்கே தோட்டத்தில் கிடைக்கும் எந்தத் துருப்பிடித்த உலோகத்தையும் தட்டிப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம்.

பூச்சாடியாக வைத்திருக்கும் பித்தளை ஷெல் உறையில் அடியின் நடுவே உள்ள வட்டத்தில் குழி விழுந்திருந்தால் சுட்டு முடித்த உறை. குழி இல்லாவிட்டாலோ மேலே குண்டு பொருத்தியிருந்தாலோ அதுவும் காவல்துறை வேலை. சென்னையில் இப்படி எது கிடைத்தாலும் "எம்டன் போட்ட குண்டு" என்று சொல்வது வழக்கம். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு, சிறிது நேரம், முக்கியமாகத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளை நோக்கி. எல்லா வீட்டுக்கும் ஒரு குண்டு வர வாய்ப்பில்லை.

ஒரு பக்கம் அடைத்து, அடியோரம் சிறு துளை உள்ள, கனத்த சுவர் கொண்ட இரும்புக் குழாய் கோயில் திருவிழா அதிர்வேட்டுக் குழாயாக இருக்கலாம். உள்ளே பழைய மருந்து கெட்டித்திருக்கக்கூடும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். நாட்டுத் துப்பாக்கிக் குழலும் அப்படியே. உள்ளே இறுகிய மருந்து ஒரு ஆபத்து, உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இன்னொன்று.

சிலை கிடைத்தது. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

மண்ணிலிருந்து கிடைத்ததா, தலைமுறையாக வீட்டில் இருந்ததா என்பதே முதல் கேள்வி. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணிலோ சுவரிலோ மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போய்ச்சேரும். வீட்டுச் சொத்தாக இருந்தாலும், 100 ஆண்டுக்கு மேற்பட்ட உலோகச் சிலையை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டுபோக முடியாது. வெளிநாடு போகிறவர் பழைய பித்தளைச் சாமானைப் பெட்டியில் வைக்குமுன், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிவிடுவது நல்லது. சுங்கத்தில் நின்று விளக்குவதைவிட அது சுலபம்.

இரிடியம் கலசமாம், அரிசியை இழுக்கிறது, கோடிக்கணக்கில் விலை போகும் என்கிறார்கள்.

மோசடி. இதில் "இருந்தாலும்" என்று ஒன்றும் இல்லை. இரிடியம் 1803-ல் கண்டுபிடிக்கப்பட்ட தனிமம், உருகுநிலை சுமார் 2,446 டிகிரி செல்சியஸ். செம்பு 1,085-ல் உருகும். பாத்திரம் வார்க்கும் கன்னார் உலையில் இரிடியத்தை உருக்கிக் கலசம் வார்த்திருக்கவே முடியாது. அடர்த்தியைப் போட்டுப் பாருங்கள். இரிடியம் 22.5, அதாவது காரீயத்தைப்போல் இரண்டு மடங்கு. காட்டப்படும் கலசம் 8.9-ல் நிற்கும். அரிசி நகர்வதற்கு, அரிசியில் இரும்புத்தூள் தடவிக் கலசத்துக்குள் காந்தம் வைத்தால் போதும். உங்கள் சமையலறை அரிசியை எடுத்துப் போடச் சொல்லுங்கள், ஆட்டம் நின்றுவிடும். பணம் பறிப்பது விற்கும்போது அல்ல. "பரிசோதனைக் கட்டணம்", "விஞ்ஞானி வரச் செலவு", "பாதுகாப்பு உடை" என்று முன்பணமாகத்தான் வாங்குவார்கள்.

ராமர் பட்டாபிஷேகமும் மறுபக்கம் "ஈஸ்ட் இந்தியா கம்பெனி", அரையணா, 1616 அல்லது 1717 அல்லது 1818 என்றும் உள்ள செப்புக் காசும் இதே வகை. கோயில் வாசலில் விற்ற டோக்கன். 1616-ல் கம்பெனிக்குச் சென்னையில் கோட்டையே இல்லை, அங்கே இடம் கிடைத்ததே 1639-ல். கம்பெனி சென்னையில் அடித்த காசில் திருமாலும் கோபுரமும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவை 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து வராகன் வகைகள், அரையணா அல்ல.

துருவை எப்படி எடுப்பது?

என்ன பொருள் என்று தெரிந்தபிறகு, அதுவும் சாதாரண இரும்புக் கருவியாக இருந்தால் மட்டும். மண்ணெண்ணெயில் ஓரிரு நாள் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்ப்பது போதுமென்றால் அதோடு நிறுத்துங்கள்.

துரு தடித்திருந்தால் மின்முறை. பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரையுங்கள். ஆப்ப சோடாவும் வேண்டாம், காஸ்டிக் சோடாவும் வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பைப் பொருளில் மாட்டுங்கள், பாசிட்டிவ் கிளிப்பை ஒரு பழைய இரும்புத் துண்டில். இரண்டும் தொடக்கூடாது. மாற்றி மாட்டினால் உங்கள் பொருள்தான் கரையும். பலிகொடுக்கும் துண்டாக எவர்சில்வர் போடாதீர்கள், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில், அடுப்பு, பீடி எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். கை வைக்குமுன் சுவிட்சை அணையுங்கள். குமிழி வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டு: கிளிப் மாட்டிய இடத்தில் துருவைச் சுரண்டவில்லை, அல்லது இப்போதைய தானியங்கி சார்ஜர் பேட்டரி இல்லாமல் கிளம்ப மறுக்கிறது. பழைய மாடல் சார்ஜர் வேண்டும். சில மணி நேரத்தில் துரு கறுப்பு மாவாகிவிடும். எடுத்ததும் கழுவி, உடனே ஹேர் டிரையரால் காயவைத்து எண்ணெய் பூசாவிட்டால் கண்முன்னே புதுத் துரு ஏறும். பித்தளை, செம்பு, அலுமினியத்துக்கு இந்த முறை வேண்டாம்.

கிடைத்த பாத்திரத்தில் சமைக்கலாமா?

பித்தளையின் உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால், மறுபடி வெள்ளீயம் பூசாமல் புளி, மோர், தக்காளி எதுவும் கூடாது. ஈயச்சொம்பு என்று நினைத்த பாத்திரம் உண்மையில் வெள்ளீயமா என்று அடர்த்தியால் உறுதிசெய்யுங்கள். 7.3 என்றால் வெள்ளீயம். அதற்கு மேலே போகப் போகக் காரீயக் கலப்பு, அடுப்படிக்கே வேண்டாம். வெள்ளைத் தாளில் தேய்த்து பென்சில் போலக் கரும் கோடு விழுந்தாலும் அப்படியே. நல்ல வெள்ளீயச் சொம்பானாலும் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீரை ஊற்றியபிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. யாரிடம் கேட்பது? விலை என்ன வரும்?

முதலில் அதே ஊரில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கொல்லர், கன்னார், ஆசாரி அல்லது மாட்டுவண்டி ஓட்டியவர். பெயர் கேட்காதீர்கள், "இதை எப்படிப் பிடிப்பீங்க?" என்று கையில் கொடுங்கள். கை முதலில் ஞாபகப்படுத்திக்கொள்ளும், பெயர் பின்னால் வரும். அப்படியும் வராவிட்டால் மாவட்ட அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு அளவு, எடை, கிடைத்த இடம், ஐந்தாறு படங்களோடு எழுதுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல் உலோகப் பொருட்களைப் பாதுகாக்கும் வேதியியல் ஆய்வகம் இருக்கிறது.

விலையைப் பொறுத்தவரை, பாத்திரக்கடை பழைய பித்தளையைக் கிலோ கணக்கில்தான் எடுக்கும். எடைக்குமேல் கிடைப்பது ஜோடியோ தொகுப்போ முழுதாக இருந்தால், மூடியும் சாவியும் தொலையாமல் இருந்தால், தேய்த்துப் பாலிஷ் போடாமல் இருந்தால். சாவி இல்லாத திண்டுக்கல் பூட்டைப் பிளந்து திறந்துவிட்டுப் போனால் இரும்பு விலைதான். சாவித்துளையே தெரியவில்லை என்றால் தலையிலுள்ள ரிவிட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, தள்ளிப் பாருங்கள். ஏதோ ஒன்று நகர்ந்து துளை திறக்கலாம்.